பெர்கன் கோடைக்கு ஒரு மழையங்கி: மூன்று மாதம் அணிந்து பார்த்த பிறகு

இந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்கு வாங்கியவற்றுள் மிகவும் பயன்பட்டவை எவை என்று கேட்டால், 650 நோர்வே குறோணருக்கு வாங்கிய ஒரு மழையங்கி, 450 குறோணருக்கு வாங்கிய அதன் காற்சட்டை, அவற்றுக்கு உள்ளே போடும் மெல்லிய கம்பளிச் சட்டை ஆகிய மூன்றையும்தான் சொல்வேன். யூன் தொடக்கத்தில் வாங்கி, ஓகஸ்ட் முடியும்வரை ஏறத்தாழ நாள்தோறும் அணிந்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஒரே வகைத் துணியில் பல நிறுவனங்கள் இதே அமைப்பில் தைக்கின்றன; வாங்குபவர் பார்க்க வேண்டியது பெயரை அன்று, துணியையும் பொருத்துகளையும்தான்.

நாங்கள் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரில். அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, நகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்வதால், ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை இங்கே பொழிகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதைச் சேர்த்தாலும் இதில் ஏறக்குறையப் பாதிதான். 2006 ஒக்ரோபர் இறுதி முதல் 2007 யனவரி வரை இந்நகரில் தொடர்ந்து 85 நாள்கள் மழை பெய்ததை ஊரார் இன்றும் நினைவுகூர்வார்கள். மாரியில் பெய்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாடே விடுமுறையில் போகும் யூலையில், இருட்டவே இருட்டாத அந்த நீண்ட மாலைகளில், பகலிலும் 13 பாகையைத் தாண்டாத குளிரோடு மழை நின்று பெய்யும்போதுதான் மனம் உடைகிறது. ஆண்டு முழுவதும் காத்திருந்த கோடை இதுதானா என்ற ஏமாற்றத்தை, இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் முகங்களிலும் கண்டிருக்கிறேன். வசதியுள்ளவர்கள் ஸ்பெயினுக்கோ கிரேக்கத்துக்கோ விமானம் ஏறிவிடுகிறார்கள். இந்த ஆண்டு எங்களால் அப்படிப் போக முடியவில்லை. போதாததற்கு, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் ஆறு வாரத்துக்கு வந்திருந்தார்.

நம்மவர்களுக்கு மழை என்றால் ஒதுங்குவதுதான் பழக்கம். ஊரில் எவ்வளவு கனத்த மழை பெய்தாலும், ஒரு கடை வாசலிலோ தாழ்வாரத்திலோ கொஞ்ச நேரம் நின்றால் வெளித்துவிடும் என்ற நம்பிக்கை உண்டு. அம்மா வந்த முதல் வாரம், வெளியே போகலாமா என்று நான் கேட்ட போதெல்லாம், "பிள்ளை, மழை விடட்டும், பிறகு போவம்" என்றே சொன்னார். மழை விடவில்லை. ஐந்தாம் நாள், யன்னலோரம் அமர்ந்திருந்த அவரையும், வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த என் ஆறு வயது மகளையும் பார்த்த போதுதான், ஒதுங்கி நின்றால் இந்தக் கோடை முழுவதும் ஒதுங்கியே நிற்க வேண்டியதுதான் என்பது எனக்கு உறைத்தது. மறுநாள் அம்மாவுக்கும் ஒரு தொகுதி வாங்கினோம்.

என்னிடம் அதற்கு முன்பே ஒரு மழை ஜக்கெற் இருந்தது. நீர் புகாது, ஆனால் வியர்வை ஆவியை வெளியே விடும் என்று விற்கப்படும் சவ்வு வைத்த வகை அது; நான்காண்டுகளுக்கு முன் 4,000 குறோணருக்கு மேல் கொடுத்து வாங்கினேன். தூறலிலும், வந்து போகும் மழையிலும் அது நன்றாகவே உழைத்தது. ஆனால் சென்ற கோடையில், 643 மீற்றர் உயரமான உல்ரிக்கன் மலையில் மூன்று மணி நேரம் இடைவிடாத மழையில் நடந்தபோது, முதுகுப்பையின் பட்டிகள் அழுத்திய தோள்களில் ஈரம் ஏறியது. இறங்கி வந்தபோது உள்ளே போட்டிருந்த பருத்திச் சட்டை பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. ஜக்கெற் பழுதானது என்றே அப்போது நினைத்தேன். பிறகு காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான், அந்த உடுப்பிடம் அதன் இயல்புக்கு மீறியதை நான் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது புரிந்தது.

அந்தச் சவ்வில் உள்ள நுண்துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. ஆவி மட்டும் அவற்றின் வழியே வெளியேறும். சவ்வின் மேலே இருக்கும் துணி நனையாமல் இருக்கும்வரைதான் இது ஒழுங்காக நடைபெறும். துணியின் மேல் நீர் முத்து முத்தாக உருண்டோட வேண்டும் என்பதற்காகப் பூசப்படும் பூச்சு, உராய்விலும் அழுக்கிலும் நாளடைவில் தேய்ந்துபோகிறது. அதன் பிறகு மேல்துணி நீரை உறிஞ்சிக் கனக்கிறது. ஆவி வெளியேறும் வழி அடைபடுகிறது. குளிர்ந்த துணியின் உட்புறத்தில் நம் வியர்வையே நீராகப் படிகிறது. வெளியே காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கும் நாளில் அந்த ஆவி வெளியேறுவது இன்னும் மெதுவாகிவிடுகிறது. ஜக்கெற் ஒழுகுகிறது என்று பலர் சொல்வதில் பாதி இந்த வியர்வைதான் என்று நினைக்கிறேன். பூச்சைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம்; ஆனால் அப்பூச்சுகளில் நெடுங்காலம் பயன்பட்டுவந்த புளோரின் சேர்மங்கள் இயற்கையில் சிதையாமல் தங்கிவிடுவன என்பதால், வாங்கும்போது அவை இல்லாததாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இப்போது நான் வாங்கியிருக்கும் மழையங்கி இதற்கு நேர்மாறானது. பின்னல் துணியின் மேல் பொலியூரித்தேன் என்னும் நெகிழியைப் பூசி, ரப்பர் போல நெகிழும்படி செய்யப்பட்டது. பொருத்துகள் ஊசியால் தைக்கப்படாமல் சூடாக்கி ஒட்டப்பட்டிருப்பதால், நீர் நுழைய ஊசித்துளையே இல்லை. ஆவியை வெளியே விடும் என்ற வாக்குறுதியை இந்த உடுப்பு தருவதுமில்லை. மீனவர்களும் பண்ணையாளர்களும் நாள் முழுவதும் அணிவது இந்த வகைதான். 1877இல் மொஸ் என்னும் ஊரில் ஹெல்லி யுவெல் ஹான்சன் என்ற கப்பல் தலைவர், தம் மனைவி மார்கிரேதாவோடு சேர்ந்து, லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் தோய்த்துக் கடலோடிகளுக்கு மழையுடுப்புத் தயாரிக்கத் தொடங்கிய மரபின் இன்றைய வடிவம் என்று இதைச் சொல்லலாம். எண்ணெய்க்குப் பதிலாகப் பொலியூரித்தேன் வந்திருக்கிறது; மழைக்கும் உடலுக்கும் நடுவே முழுமையான ஒரு தடுப்பை வைப்பது என்ற எண்ணம் மாறவில்லை.

என்னுடையதன் சீட்டில் 8,000 மில்லிமீற்றர் என்று அச்சிட்டிருந்தது. துணியின் மேல் அந்த உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் அழுத்தத்தைத் தாங்கும் என்பது அதன் பொருள். ஈரமான வாங்கில் உட்காரும்போதும், பாரமான பை தோளை அழுத்தும்போதும், வெறும் மழையைவிடப் பன்மடங்கு அழுத்தம் துணியின் மேல் விழுகிறது. அப்படிப்பட்ட இடங்களிலும் இந்த மூன்று மாதத்தில் ஒருமுறையேனும் ஈரம் உள்ளே வரவில்லை. ஒரு சனிக்கிழமை, மகளின் காற்பந்துப் போட்டியை நான்கு மணி நேரம் மழையில் நின்று பார்த்தோம். திரும்பி வந்து அங்கியைக் கழற்றியபோது, உள்ளே கம்பளிச் சட்டை இளஞ்சூடாக இருந்தது.

அந்தக் கம்பளிச் சட்டை இல்லாமல் இந்த மழையங்கியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கம்பளி என்றதும் நம்மவர்களுக்குத் தடித்த, உடல் அரிக்கும் உடுப்பு நினைவுக்கு வரும். மெரினோ ஆட்டின் நுண்மையான மயிரில் பின்னப்படும் சட்டை ஒரு பனியன் அளவுக்கே மெல்லியது, அரிப்பதும் இல்லை. ஆவி வெளியேறாத உடுப்பை அணிந்து நடந்தால் உள்ளே வியர்க்கத்தான் செய்யும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொண்டு, நின்ற மாத்திரத்தில் உடலைக் குளிர வைக்கிறது. கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உறிஞ்சிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. ஓகஸ்ட் மாதத்தில் யாராவது கம்பளி உடுப்பார்களா என்று கேட்டு முகம் சுளித்த அம்மா, இரண்டாம் நாளே அதைப் படுக்கும்போதும் போடத் தொடங்கினார். மோசமான வானிலை என்று ஒன்றில்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்ற பழமொழியை நோர்வேஜியர்கள் அடிக்கடி சொல்வார்கள். அவர்கள் மொழியில் வானிலைக்கும் உடுப்புக்கும் உரிய சொற்கள் இயைபாக அமைவதால் அது குழந்தைகளின் நாவிலும் ஒட்டிக்கொள்கிறது. பல ஆண்டுகளாக அதை ஒரு சமாதானப் பேச்சாகவே கேட்டுவந்தேன். அந்தப் பழமொழியில் உள்ள உடுப்பு என்பது, மேலே போடுவதைவிட உள்ளே போடுவதையே அதிகம் குறிக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. வேகமாக மலையேறுபவருக்கு இது ஏற்றதன்று. செங்குத்தான பாதையில் அரை மணி நேரத்துக்குள் உள்ளே வெந்துபோகும். தலைமூடி ஆழமாக இருப்பதால் பக்கவாட்டில் வரும் வாகனம் கண்ணில் படுவதில்லை. துணியில் மழை விழும் ஓசையில் பின்னால் வரும் சைக்கிள் மணியும் கேட்பதில்லை. வீதியைக் கடக்கும்போது தலையை மட்டுமன்றி உடலையே திருப்பிப் பார்க்கும்படி மகளைப் பழக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டுப் பகுதியை இறுக்குவதற்கு என் அங்கியில் வெறும் அழுத்து பொத்தான்களே உள்ளன. கையை உயர்த்திப் பிடித்தால் நீர் முழங்கைவரை வழிகிறது. உட்புறம் இலாஸ்ரிக் வைத்த கை உள்ளதைத் தேடி வாங்குவது மேல். குடை இவற்றுக்கெல்லாம் மாற்று ஆகாது. துறைமுகப் பக்கம் அடிக்கும் காற்றில், புதுக்குடைகள் கம்பி முறிந்து குப்பைத் தொட்டிகளில் கிடப்பதை எந்த மழை நாளிலும் காணலாம்.

எந்த நாளில் எதை அணிவது என்று முடிவு செய்வதற்கு, நோர்வே வானிலை ஆய்வு நிறுவனமும் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து 2007 முதல் நடத்திவரும் 'ஈர்' என்ற சேவையை நம்பியிருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு நோர்வேஜிய மொழியில் தூறல் என்று பொருள். என் காதில் அது நம்முடைய ஈரமாகவே விழும். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் நிற்கும் இடத்தில் எவ்வளவு மழை விழும் என்பதை ராடார் கொண்டு அது காட்டுகிறது. இதே பெர்கனில்தான், 1917இல் வந்து சேர்ந்த வானிலை அறிஞர் வில்ஹெல்ம் பியெர்க்னெசும் அவருடைய இளம் உதவியாளர்களும், சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மோதும் எல்லைகளை வரைபடத்தில் தொடரும் முறையை உருவாக்கினார்கள். முதல் உலகப் போரின் நினைவு அகலாத காலம் என்பதால், அந்த எல்லைக்குப் போர்முனை என்னும் பொருளுள்ள பெயரையே வைத்தார்கள். அவர்கள் கற்றுத்தந்த வேறுபாடு உடுப்புத் தேர்வுக்கும் உதவுகிறது. அத்தகைய முனை கடந்து செல்லும் வேளையில் மழை மணிக்கணக்கில் ஒரே சீராகப் பெய்யும். அதற்கு இந்தப் பொலியூரித்தேன் தொகுதி. முனை கடந்த பின் விட்டு விட்டு வரும் மழைக்கு, இடையில் காய்வதற்கு நேரம் கிடைப்பதால், பழைய சவ்வு ஜக்கெற்றே போதும், நடப்பதற்கும் அதுவே இதமானது.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். பொலியூரித்தேன் நெடுநாள் ஈரத்தில் கிடந்தால் பிசுபிசுத்துப் பாளம் பாளமாக உரியத் தொடங்கும். கொளுவி உலரவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். மகள் முன்பு போன பாலர் பாடசாலையில், வாசலுக்கு அருகிலேயே உலர்த்தும் அலுமாரி ஒன்று இருந்தது. எந்த மழையிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டு, மாலையில் அத்தனை குட்டி மழையுடுப்புகளையும் அதற்குள் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். கம்பளியை 30 பாகையில், கம்பளிக்கென்றே விற்கும் சலவைத் திரவத்தில் கழுவ வேண்டும். சாதாரணச் சலவைத்தூளில் உள்ள நொதியங்கள் புரதத்தைக் கரைப்பவை. கம்பளி மயிரும் புரதமே.

அளவைப் பொறுத்தவரை, உள்ளே தடித்த மேற்சட்டை போட இடம் வேண்டுமென்பதால் வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக எடுங்கள். அம்மாவுக்கு நீளத்தில் சரியான காற்சட்டை கிடைக்கவில்லை. கீழே நான்கு அங்குலம் வெட்டினோம், பூச்சுள்ள துணி என்பதால் நூல் பிரியவில்லை. கடைசி மூன்று வாரமும் அவர் ஒவ்வொரு மாலையும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு குளக்கரைக்கு நடந்துபோய் வாத்துகளைப் பார்த்துவிட்டு வந்தார். மழை விடட்டும் என்ற பேச்சைப் பிறகு நான் கேட்கவில்லை. ஊருக்குப் போகும்போது கம்பளிச் சட்டையை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு, மழைத்தொகுதியை எங்கள் வாசல் கொளுக்கியிலேயே விட்டுச் சென்றார். அடுத்த முறை வரும்போது விரல் குளிராமல் இருக்க நீர் புகாத கையுறை ஒரு சோடி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய சிறிய கைக்குப் பொருந்தும் அளவு எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் அறியத்தாருங்கள்.