பெப்டைடு ஊசியா, வியாழக்கிழமை மாத்திரையா?

"தம்பி, இதப் போட்டுக்கிட்டா அந்த மாத்திரைய விட்டுறலாமாப்பா?"

பனகல் ரோட்டில் இருக்கும் என் மருந்துக்கடைக்கு வந்த அக்கா, மணிபர்சிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார். மாட்டுத்தாவணியில் பூக் கட்டுகிறவர். முடக்குவாதம் வந்ததிலிருந்து காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. ஜிம்முக்குப் போகும் தங்கச்சி மகன் ஆன்லைனில் வாங்கித் தந்தானாம். பெயர் பிபிசி-157, ஊசியாகப் போடும் ஒரு பெப்டைடு.

பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சரம். எதற்கு அடுத்து எது வருகிறது என்பதில்தான் அதன் வேலையே இருக்கிறது. ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகக் கோக்கும் முறையை 1963-ல் வெளியிட்ட புரூஸ் மெரிஃபீல்டுக்கு 1984-ல் நோபல் கிடைத்தது. கட்டுவது இப்போது சுலபம். விழுங்கினால்தான் வம்பு: வயிற்று நொதிகள் சரத்தை அறுத்துவிடும். அதனால் பெரும்பாலும் ஊசிதான்.

அக்கா சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட். வாரம் ஒரே நாள், கூடவே ஃபோலிக் அமிலம். வாரச் செலவு ரெண்டு டீக்காசு. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் மூட்டு அரிக்கப்படாமல் காக்கும் என்று பல்லாண்டு அனுபவத்தில் தெரிந்த மருந்து.

அது போதாதவர்களுக்கு அடாலிமுமாப். இது ஏறக்குறைய 1,330 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். உயிரணுக்களில் வளர்த்துத்தான் எடுக்க முடியும், விலையும் அப்படித்தான். 2014-ல் இந்தியாவிலேயே நகல் வந்த பிறகு கொஞ்சம் இறங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. நம் ஊரில் இதற்குப் பெரிய தடை டி.பி. உடம்பில் பதுங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைக் கட்டிப்போடுவதே டி.என்.எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞைதான், அதைத்தான் இந்த ஊசி தடுக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயும் டி.பி. சோதனையும் இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. டோஃபாசிடினிப் மாத்திரையும் உண்டு. இதயக் கோளாறு வாய்ப்புள்ள வயதானவர்களுக்கு நான் உற்சாகமாக எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

பெப்டைடுக்கு வருவோம். பிபிசி-157-ல் 15 அமினோ அமிலங்கள். ஜிலுகோபிளான் என்ற இன்னொரு பெப்டைடு மருந்திலும் 15-தான். ஜிலுகோபிளான், தசைகளைத் தளர்த்தும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய்க்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதர்களிடம் சோதித்த பிறகே அனுமதி. மூளைக்காய்ச்சல் கிருமி பற்றிய எச்சரிக்கையும் கூடவே உண்டு. பிபிசி-157-க்குக் கையில் இருப்பது பெரும்பாலும் எலி ஆய்வுகள். விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் தடை. அக்காவின் குப்பியிலேயே "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அச்சடித்திருந்தது. தங்கச்சி மகன் அதைப் படித்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

எனக்கு ஆசை காட்டுவது ஐகோட்ரோகின்ரா. விழுங்கக்கூடிய பெப்டைடு. ஐ.எல்-23 என்ற சமிக்ஞை போய் ஒட்டும் இடத்தை மறிக்கிறது. 2024-ல் வெளியான 255 பேர் ஆய்வில், அதிக அளவு எடுத்த சொரியாசிஸ்காரர்களில் 79 சதவீதம் பேருக்கு 16 வாரத்தில் தடிப்பு முக்கால் பங்காவது குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 சதவீதம். ஊசியின் வேலையை மாத்திரை செய்கிறது என்றால் சும்மாவா?

ஆனால் அது தோலுக்கு. ஐ.எல்-23-ஐ ஊசியால் தடுக்கும் மருந்துகளை முடக்குவாதத்தில் சோதித்தபோது பலன் தேறவில்லை. அழற்சி என்று ஒரே பெயர் சொன்னாலும் மூட்டைக் கிளறும் கை வேறு, தோலைக் கிளறும் கை வேறு. பெப்டைடு என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்க முடியாததற்கு இதுதான் காரணம்.

"அப்ப இதுக்குக் குடுத்த காசு?"

"போனது போனதுதாங்க்கா. ஃபிரிட்ஜுல வச்சு யாரும் எடுத்துப் போட்டுக்கிறாம பாத்துக்கங்க."

பழைய மாத்திரை அட்டையைக் கேட்டார். கொடுக்கும்போது வழக்கம்போல அட்டை மேல் பேனாவால் பெரிதாக எழுதினேன்: வியாழன்.