ஒரு மாறியா, பல மாறிகளா?

ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, ஒவ்வொரு தரைக்கல்லாகக் கையால் வார்க்கிறார்கள். அனுபவம் கூடினால் நாளொன்றுக்கு வார்க்கும் கற்களும் கூடுமா?

விவரங்களுக்கு ஒரு கோட்டைப் பொருத்தி இதைக் கணிக்கும் முறைதான் தொடர்புப் போக்கு (regression). அதன் எளிய வடிவில் அனுபவ ஆண்டுகள் மட்டுமே விளக்கும் மாறி, அதாவது கல் எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்று சொல்ல நாம் எடுத்துக்கொள்ளும் அளவு. வரைபடத்தில் ஒரே கோடு. பேனாவும் தாளும் போதும், கணக்கிட்டுவிடலாம். ஆனால் நுணுக்கமான பூவேலையை மூத்தவர்களிடமே கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவேலை நேரத்தை விழுங்கும். அதைக் கணக்கில் விட்டுவிட்டால் அனுபவத்தின் கெழு (ஓராண்டு அனுபவம் கூடினால் எத்தனை கல் கூடும் என்ற எண்) கீழ்நோக்கிச் சாயும். எதிர்மறையாகவே வந்தாலும் வரலாம். கைதேர்ந்தவர் சோம்பேறி என்று கோடு சாட்சி சொல்லும்!

பல விளக்கும் மாறிகளை ஒன்றாகச் சேர்க்கும் பன்மாறி முறையில் பூவேலைக்கு 1, வெற்றுக் கல்லுக்கு 0 என்று ஒரு போலி மாறியைச் சேர்த்தால், ஒரே வகைக் கல் வார்ப்பவர்களுக்குள் அனுபவம் தரும் வேறுபாடு தெரியும். என் ஓட்டு இதற்குத்தான். அதற்காக வயதையும் சேர்த்தால் வம்பு: வயதும் அனுபவமும் ஒன்றாகவே ஏறுவதால் திட்டப்பிழைகள், அதாவது கெழுக்கள் எவ்வளவு நிச்சயமற்றவை என்ற அளவுகள், வீங்கிவிடும். எந்த மாறியைச் சேர்த்தாலும் ஆர்-ஸ்கொயர் (கல் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கை மாறிகள் விளக்குகின்றன என்ற அளவு) குறையாது; ஆகவே மாறிகளின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்கும் சரிசெய்யப்பட்ட ஆர்-ஸ்கொயரைப் பாருங்கள். பத்துப் பேரின் விவரம் மட்டுமே கையில் இருந்தால், நான் இரண்டு மாறிகளுக்கு மேல் போகமாட்டேன்.