டர்போ மாற்றினோம் என்று 38,500 ரூபாய் வாங்கிவிட்டு பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள்: மலையில் டீசல் கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. ஊட்டியில் எல்லா கம்பெனி காரும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில், உங்கள் டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது, ரீகண்டிஷன் டர்போ, அதாவது பழசைச் சரிசெய்தது, போட்டுவிட்டோம் என்று சொல்லி என்னிடம் 38,500 ரூபாய் வாங்கினார்கள். டர்போவை அவர்கள் கழற்றவே இல்லை. அது நேற்றுதான் தெரிந்தது. பேர் போடவில்லை, புகார் கொடுத்திருப்பதால் போட வேண்டாம் என்கிறார் சித்தப்பா. பேர் இல்லாவிட்டாலும் நடந்ததைப் படித்தால் உங்களுக்கு உதவும்.

வண்டி 2016 மாடல், 1500 சிசி டீசல், விஜிடி டர்போ. டிஎன் 43, அதாவது நீலகிரி நம்பர், வீடு ஊட்டி பக்கத்தில் கேத்தியில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சீசனுக்கு வந்துவிட்டுப் போகிற சென்னைக்காரர் திரும்பி வரமாட்டார் என்று ஏமாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்போம், இங்கே உள்ளூர்க்காரனையே ஏமாற்றியிருக்கிறார்கள்.

பிரச்சினை லோ எண்டில், அதாவது குறைந்த ஆர்பிஎம்மில் (என்ஜின் சுற்றும் வேகம்), இழுவை இல்லாததுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போது, பர்லியார் தாண்டி கொண்டை ஊசி வளைவில் செகண்ட் கியரில் திரும்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி அசையாது. முள் 1500 ஆர்பிஎம்மில் கிடக்கும், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடிப்பார், வேறு வழியில்லாமல் ஃபர்ஸ்ட் போட்டு உறுமிக்கொண்டே ஏற வேண்டும். ஆனால் முள் 2300, 2400 தாண்டிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இழுக்கும். காரமடை ரோட்டில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனால்கூட குறை தெரியாது. ஏற்றத்தில் மட்டும் பின்னால் கொஞ்சம் கறுப்புப் புகை. எப்போதாவது என்ஜின் லைட் எரியும், மறுநாள் அணைந்துவிடும். கீழே செத்து மேலே உயிர் வருகிறது என்பதுதான் இங்கே முக்கியமான குறிப்பு. அந்த ஒர்க்‌ஷாப்காரர் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஓனரே வெளியே வந்தார். நல்ல மரியாதை. அட்ரஸ் கேட்டார், கேத்தி என்றேன். "உங்க அப்பா ஸ்கூல் வாத்தியாருங்களே? எனக்கு எட்டாவதுல கணக்கு எடுத்தவருங்க" என்றார். அப்பா பேரையும் சரியாகச் சொன்னார். அவ்வளவுதான், எனக்கு அந்த இடம் சொந்தக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டது. பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார், வர்க்கியும் வந்தது. என் கண் முன்னாலேயே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார், பி 0299ன்னு கோடு வந்திருக்கு, அண்டர் பூஸ்ட். இந்தப் பக்கம் மேப் சென்சார் பாருங்க, 78 காட்டுது. நல்ல வண்டியில 100 காட்டணும். டர்போ காத்தே குடுக்கறதில்லைங்க, உள்ள போயிருச்சு." நான் போட்டோகூட எடுத்துக்கொண்டேன். மிஷினே சொல்கிறது, வாத்தியார் மகனிடம் பொய்யா சொல்லப்போகிறார்?

புது டர்போ போட்டால் எங்கேயோ போகும் சார், ரீகண்டிஷன் போட்டுக்கலாம், ஆயில், கேஸ்கெட், லேபர் எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய் என்றார். முன்பணம் 20,000, வண்டி எடுக்கும்போது 18,500. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேருமுங்க, உங்களுக்கு எதுக்கு அந்த வீண் செலவு" என்று ஒரு எஸ்டிமேட் தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். "டர்போ ஆர்சி 1, லேபர்." (ஆர்சி என்றால் ரீகண்டிஷன்.) அதுதான் இப்போது என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம், கூட யுபிஐ ரசீதுகள்.

வண்டி எடுக்கப் போன அன்று பானெட்டைத் திறந்து காட்டினார்கள். டர்போ வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று பெயிண்ட் கருகும் வாசனை, லேசாகப் புகை. "புது அயிட்டம் கொஞ்ச நேரம் புகையுமுங்க, சூடு ஏறினா நின்னுரும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "பழைய டர்போ எங்கே?" போன் செய்து கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம் என்றார்.

அந்த வாரமே கல்லாறிலிருந்து ஏறினேன். அதே வளைவு, அதே 1500, அதே ஹாரன். எதுவும் மாறவில்லை.

இனி வருவதுதான் வயிற்றெரிச்சல். முதல் தடவை போன் செய்தபோது, "புது டர்போங்க, செட் ஆகணும், 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க." ஓட்டினேன். அப்புறம் டீசல் சரியில்லை, பங்க்கை மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். அதற்குப் பிறகு, "சார், இது 7,000 அடி உயரம், இங்க காத்தே கம்மி, ஊட்டியில எல்லா வண்டியும் இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறந்ததிலிருந்து இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவனிடம் ஊட்டி உயரத்தைப் பாடம் எடுக்கிறார்! ஊட்டி உயரம் சரி ஐயா, வண்டி பர்லியாரிலேயே திணறுகிறதே, அங்கே என்ன உயரம்? இதைக் கேட்டதும் குரல் மாறியது. ஈசிஎம் ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்ய வேண்டும், இன்னொரு 12,000 ஆகும் என்றார். முடியாது என்றேன். அதற்கப்புறம் போனை எடுப்பது ஒரு பையன். ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கிறார், ஓனர் சாப்பிடப் போயிருக்கிறார், ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். நேரில் போனால் வேறொரு காரின் அடியில் படுத்துக்கொண்டே "அடுத்த வாரம் பாத்துக்கலாங்க" என்று குரல் மட்டும் வருகிறது. முதல் நாள் வர்க்கி வாங்கிக் கொடுத்த அதே மனிதர்.

கேரட் லோடு ஏற்றும் ஒரு டிரைவர் அண்ணன்தான் மேட்டுப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போகச் சொன்னார். பெரிய ஷெட் எல்லாம் இல்லை. "எப்போ இழுக்கல தம்பி? கீழயா, மேலயா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். "அப்படின்னா டர்போ செத்திருக்காது" என்றார் வண்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே.

காரணத்தை அவர் சொன்னது இவ்வளவுதான். டர்போவைச் சுழற்றுவது சைலன்சர் பக்கம் போகும் புகையின் வேகம். என்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, அதனால் விஜிடி டர்போவில் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன தகடுகள் வழியைக் குறுக்கிப் புகையைச் சீறவைக்கும், கீழ் ஆர்பிஎம்மிலேயே காற்று கிடைக்கும். என் வண்டியில் அந்தத் தகடுகளை நகர்த்துவது ஒரு கம்பி, கம்பியை இழுப்பது வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு. வாக்குவம் வராவிட்டால் தகடுகள் திறந்தே கிடக்கும், கீழே இழுவை இருக்காது. ஆர்பிஎம் ஏறினால் புகை தானாகவே போதுமான அளவு வந்துவிடும், அதனால் மேலே நன்றாக இருக்கும். டர்போவே போயிருந்தால் மேலேயும் இழுக்காது, நீலப் புகை வரும், ஆயில் குடிக்கும், ஊளைச் சத்தம் கேட்கும். என் வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை.

என்னை டர்போ பக்கம் டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு உதவியாளரை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டார்ட் ஆனதும் அந்தக் கம்பி உள்ளே இழுபட வேண்டும், ஆஃப் செய்தால் திரும்ப வேண்டும். அசையவே இல்லை. கையால் இழுக்கும் ஒரு வாக்குவம் பம்பை, கம்பியை நகர்த்தும் ஆக்சுவேட்டரில் செருகி இழுத்தார், கம்பி வழுக்கிக்கொண்டு போய் அப்படியே நின்றது. ஆக ஆக்சுவேட்டர் நல்லது, தகடுகளும் சிக்கவில்லை. அப்புறம் வாக்குவம் வரும் டியூப்பைத் தடவிக்கொண்டே போனார். என்ஜினுக்குப் பின்னால், கிளிப் போட்டு வளையும் இடத்தில், சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. விரலால் வளைத்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கிறது, சும்மா பார்த்தால் தெரியாது. புது டியூப், கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய்.

அதோடு நின்றிருந்தால் 'கண்டுபிடிக்கத் தெரியாத மெக்கானிக்' என்று விட்டிருப்பேன். டார்ச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே காட்டச் சொன்னார். "இதையா தம்பி மாத்தினாங்க?" டர்போவைப் பிடித்திருக்கும் நட்டுகளில் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தழும்பே இல்லை. ஆயில் பைப் போல்ட்டில் காப்பர் வாஷர் கறுத்துக் கிடந்தது. டர்போவைக் கழற்றினால் அந்த வாஷரைப் புதிதாகத்தான் போடுவார்களாம், செம்பு நிறத்தில் மின்னுமாம். ஹீட் ஷீல்டின் ஓரத்தில் வெள்ளி பெயிண்ட் தூவல், பக்கத்து வயரிங் கவர் மேலும் புள்ளி புள்ளியாக. இருக்கிற இடத்திலேயே துடைத்து ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். 38,500 ரூபாய்க்கு ஒரு ஸ்ப்ரே டப்பா!

அந்த 78 சமாச்சாரமும் அங்கேதான் உடைந்தது. அவரும் ஸ்கேனர் போட்டார், என்ஜின் ஆஃப், சாவி மட்டும் ஆன். 97 காட்டியது. வண்டி மலையிறங்கி வந்ததற்கே டர்போ குணமாகிவிட்டதா? மேப் சென்சார் காட்டுவது கிலோபாஸ்கலில் மொத்த அழுத்தம். என்ஜின் ஓடாதபோது அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தை. கடல் மட்டத்தில் சுமார் 101, மேட்டுப்பாளையத்தில் 97 வாக்கில், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 77, 78தான் வரும். டீசல் வண்டி ஐடிலில், அதாவது என்ஜின் சும்மா ஓடியபடி நிற்கும்போதும் ஏறக்குறைய அதே எண்தான், டர்போ அப்போது வேலையே செய்யாது. அதாவது ஊட்டியில் நிற்கும் எந்த நல்ல காரில் செருகினாலும் அதே 78 வரும். நல்ல வண்டியில் 100 வரும் என்று சொன்னது பச்சைப் பொய். தினமும் ஊட்டியில் ஸ்கேனர் பிடிக்கிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா? பி 0299 கோடும் அப்படித்தான், கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கிடைக்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது, ஏன் கிடைக்கவில்லை என்று சொல்வதில்லை.

போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டதும் எடுத்துவிட்டார். "நீங்க வெளிய கை வச்சிட்டீங்களே சார், இனி வாரண்டி கிடையாதுங்க" என்றார்! பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் லைன் கட். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரை கட்டணம் இல்லையாம், நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். எஸ்டிமேட் தாளை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்போம்.

விளக்கமாக ஒரு செக்லிஸ்ட் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, அதனால் சுருக்கமாக. ஐடிலில் ஒரு எண்ணைக் காட்டி டர்போ போச்சு என்றால் நம்பாதீர்கள். ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டே, கேட்கும் பூஸ்ட் எவ்வளவு, கிடைக்கும் பூஸ்ட் எவ்வளவு என்று இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். டர்போவைக் குறை சொல்வதற்கு முன்னால் ஏர் ஃபில்டர், வாக்குவம் டியூப், இன்டர்கூலர் ஹோஸ் (வெடித்திருந்தால் அந்த இடத்தில் ஆயில் ஈரம் தெரியும்), இஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடுவது), இவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். எந்த பார்ட்டையும் மாற்றும் முன் பழையதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகு அதைக் கையில் வாங்குங்கள். 18 சதவீதம் போனால் போகட்டும், பில் வாங்குங்கள். ரீமேப் என்று யாராவது ஆரம்பித்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.