கபுய்யா ரோங்மெய்யா, எந்தப் பேர எழுதுறது?

மணிப்பூர் நாகா மக்கள பத்தி எழுதுறவங்க அடிக்கடி குழம்புற இடம் இது, அவங்கள்ல ஒரே பழங்குடிக்கு இந்த ரெண்டு பேரும் புழக்கத்துல இருக்கு.

யார் வச்ச பேர்?
கபுய்: மெய்தேய்க்காரங்க (மணிப்பூர் சமவெளியில பெரும்பான்மையா இருக்கிறவங்க) கூப்பிட்டது, பிரிட்டிஷ்காரனும் அப்படியே எழுதிக்கிட்டான்.
ரோங்மெய்: அவங்களே சொல்லிக்கிறது, ‘தெக்கத்தி ஆளுங்க’ன்னு அர்த்தம் (நம்மூர்லயும் தெக்கத்திக்காரங்கன்னு சொல்றோமே, அதே மாதிரிதான்).

சர்க்கார் பேப்பர்ல?
கபுய்: பழங்குடி பட்டியல்ல ரொம்ப வருஷமா இருக்கு.
ரோங்மெய்: 2011 திருத்தச் சட்டத்துலதான் சேந்துச்சு, அதுவும் கபுய்ய எடுக்காம அதே வரிசைல பக்கத்துல போட்டாங்க, அதனால சர்டிபிகேட்ட வச்சு எது சரின்னு தீர்ப்பு சொல்ல முடியாது.

தேடுறதுக்கு?
பழைய ரெக்கார்டுன்னா கபுய்னு தேடுங்க. பிரிட்டிஷ்காரன எதிர்த்த தலைவர்களான ஜாதோனாங் (1931ல இம்பால்ல தூக்குல போட்டாங்க), ராணி காய்தின்லியு ரெண்டு பேருமே ரோங்மெய்தான், ஆனா பழைய எழுத்துல கபுய்னுதான் பாதி இடத்துல வருது.

என்னைக் கேட்டா, இன்னிக்கு எழுதுற கட்டுரைக்கு ரோங்மெய். பழச மேற்கோள் காட்டும்போது கபுய்ய மாத்தாதீங்க. ஒருத்தர் தன் பேருக்குப் பின்னாடியே கபுய்னு போட்டிருந்தா அதுல நாம கைவைக்கக் கூடாது. ரோங்மெய்யோட உறவுப் பழங்குடிகளான ஜெமெய், லியாங்மாய் எல்லாரையும் சேத்து சொல்லணும்னா ஜெலியாங்ரோங், அது 1947ல இந்த மூணு பேரையும் ஒட்டி வச்சது.