சிக்னல் கோடு ஃபுல், குரல் போகவில்லை: வைஃபை போன் பூட்ட நினைப்பவர்கள் வாசியுங்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் கடற்கரைப் பக்கம் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். மேலும் கீழுமாகப் பன்னிரண்டு அறை, பின்னுக்கு ஒரு மண்டபம். உப்புக்காற்றில் பழைய இன்டர்கொம் வயரெல்லாம் கறள் பிடித்துப் போனதால், வைஃபையில் வேலை செய்யும் கையடக்கப் போன் எட்டும் வைஃபை சிக்னலைப் பரப்புகிற பெட்டி, அதாவது அக்சஸ் பொயின்ட், நாலும் பூட்டக் கொடுத்தேன். பூட்டியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் செய்த வேலையை எழுதுகிறேன், உங்கள் வீட்டில் யாராவது அதே வேலையைச் செய்தால் அடையாளம் தெரியட்டும்.

முதல் கிழமையே குசினியில் தொடங்கியது. சமைக்கிற அக்கா ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று "கேக்குதா? தம்பி, கேக்குதா?" என்று கத்துவார். றிசெப்சனில் இருக்கிற பொடியன் சொல்வதெல்லாம் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். அவர் சொல்வது மட்டும் இவனுக்கு வராது. பின்வாசல் படியில் ஏறி நின்றால் வரும். கடைசியில் அந்த அக்கா கோல் வந்தாலே அகப்பையும் கையுமாகப் படிக்கு ஓடத் தொடங்கிவிட்டார்.

பூட்டியவரைக் கூப்பிட்டேன். போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "அண்ணே, கோடு ஃபுல்லா நிக்குது பாருங்க. நெட்வேர்க்ல பிழை இல்ல, போன்ல மைக் பழுது." புதுப் போன் ரெண்டு, 37,000 ரூபாய். அதுவும் அதேமாதிரி. அடுத்த முறை வந்து, "கட்டடம் கொங்கிறீட், சிக்னல் காணாது" என்று இன்னும் ரெண்டு அக்சஸ் பொயின்ட் பூட்டினார். 62,000. எல்லாவற்றையும் ஃபுல் பவரில் விட்டிருக்கிறேன், இனிப் பிரச்சினை வராது என்றார். அதற்குப் பிறகுதான் கோல் விட்டுவிட்டு வெட்டவும் தொடங்கியது.

ஒருநாள் இரவு ரெண்டு மணிபோல மேல்மாடியில் தங்கியிருந்த ஒரு அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. தன் மொபைலில் எங்கள் நம்பருக்கு அடித்திருக்கிறார். இரவில் அந்தக் கோல் காவலாளி ஐயாவின் வைஃபை போனுக்குப் போகும். ஐயா மண்டபத்துக்குப் பின்னால் கேற்றடியில் நின்றார். அந்த அம்மா மூச்சு வாங்குவது வரைக்கும் அவருக்குக் கேட்டிருக்கிறது. "வாறன் அம்மா, வாறன் அம்மா" என்று சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. யாருமே இல்லை என்று நினைத்துக் கோலை வெட்டிவிட்டு, இருட்டில் தனியே சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கியிருக்கிறார். ஐயா போய்ச் சேரும்போது அரைவாசிப் படியில் இருந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், விடியமுதல் சுகமாகத் திரும்பினார். என்னால்தான் அதை மறக்க முடியவில்லை.

என் தங்கச்சியின் மகன் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறான், நெட்வேர்க் வேலைதான் செய்கிறான். முதலே அவனைக் கேட்டிருக்க வேண்டும். வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, போன்ல தெரியிற கோடு அக்சஸ் பொயின்ட் போனுக்கு எப்பிடிக் கேக்குது எண்டுதான் காட்டும். போன் அதுக்குக் கேக்குதா எண்டு காட்டாது. கல்லடிப் பாலத்தில நிண்டு லவுட்ஸ்பீக்கர்ல கூப்பிட்டா வாவிக்கு நடுவில தோணியில இருக்கிறவருக்குக் கேக்கும். அவர் வெறும் வாயால சொல்லுற பதில் பாலத்துக்கு வருமா?"

சிக்னல் எவ்வளவு சக்தியோடு போகிறது என்பதை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். எங்கள் அக்சஸ் பொயின்ட்கள் 26 டிபிஎம்மில் இருந்தன. அது 400 மில்லிவொட். எங்கள் போன் விடக்கூடிய உச்சமே 16 டிபிஎம், ஏறத்தாழ 40 மில்லிவொட். பத்து மடங்கு வித்தியாசம். டிபிஎம் கணக்கில் 3 கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. இது தெரிந்திருந்தால் அன்றைக்கே நான் அவரைக் கேள்வி கேட்டிருப்பேன்.

இன்னொன்றையும் அவன் காட்டினான். செட்டிங்கில் நாடு என்ற இடத்தில் அமெரிக்கா என்று போட்டிருந்தது. அங்கே 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் 1 வொட் வரை விடலாம். ஐரோப்பாவில் அன்டெனாவின் பங்கையும் சேர்த்து 100 மில்லிவொட்தான். நாட்டுக்கு நாடு எல்லை வேறு என்பதால் இருக்கிற நாட்டைத்தான் போட வேண்டும். பவரைக் கூட்டுவதற்காகவே மாற்றியிருக்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன். போதாததற்கு ஆறு அக்சஸ் பொயின்ட்டும் ஒரே சனலில் (அலைவரிசைக்குள் ஒரே பாதையில்), நம்பர் 6ல். ஒன்று கதைக்கும்போது மற்றது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். புதிதாக வந்த இரண்டும் நெரிசலைத்தான் கூட்டின.

அட்மின் பாஸ்வேர்ட் எங்களிடம் தரப்படவே இல்லை. அவன் ரவுட்டர் வழியாகப் போய்ச் செட்டிங்கைப் பார்க்க முடிந்ததே தவிர மாற்ற முடியவில்லை. அதனால் ஆறையும் ரீசெட் பண்ணி முதலிலிருந்து செய்தான். பவரைப் போனின் அளவுக்கு 16க்கு இறக்கினான். சனல் 1, 6, 11 என்று பக்கத்துப் பக்கத்தில் ஒன்றே வராதபடி பிரித்தான். ஒன்றை நிறுத்தியே விட்டான். பவர் குறைந்ததும் மண்டபத்துப் பின்பக்கம் பலவீனமாகிவிட்டது. றிசெப்சன் முகட்டில் சும்மா கிடந்த ஒன்றைக் கழற்றி அங்கே கொண்டுபோனான். பிறகு கோலை எடுத்துக் கதைத்தபடியே இரண்டு பேரும் முழு வளவும் நடந்தோம், கேற்றடி மட்டும். ஓரத்திலும் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே போகாமல் பார்த்தான், கதைக்கிற போனுக்கு அது வேண்டுமாம். பழுது என்று கழித்த இரண்டு போனும் இப்போது குசினியிலும் கேற்றடியிலும் இருக்கின்றன. இரண்டும் நல்லாக வேலை செய்கின்றன.

யாரிடம் கொடுத்தாலும் சரி, காசு கொடுக்கமுதல் மூன்று விஷயம் கேளுங்கள்: போனின் உச்சப் பவர் எத்தனை டிபிஎம், அக்சஸ் பொயின்ட்டை எத்தனையில் வைக்கிறீர்கள், எந்தெந்தச் சனல். "ஃபுல்லா வச்சிருக்கு" என்பது இதற்குப் பதில் இல்லை. பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள். மொடல் நம்பரோடு பில் வாங்குங்கள். என் பில்லில் "வைஃபை சாமான்" என்று மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற போன் நம்பருக்கு அடிக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

37,000ஐயாவது திருப்பித் தாருங்கள் என்று அவருக்கு மெசேஜ் போட்டு மூன்று கிழமை. பார்த்திருக்கிறார், பதில் இல்லை. கல்முனை, காரைதீவு, வாழைச்சேனைப் பக்கம் யாராவது இப்போது இப்படி ஒரு வேலைக்கு விலை கேட்டிருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். பழைய செட்டிங்கைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்.