பெல்ற் மாற்றிய பிறகு ஒழுகிய ஒயிலும் கோண்டாவில் கராஜும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில், பஸ் டிப்போவைத் தாண்டி உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் இந்தக் கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, முன்னால் மாமரம், அதற்குக் கீழே எந்த நாளும் இரண்டு மூன்று பழைய ரொயோட்டாக்கள். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை. இங்கே வேலை செய்யும் அண்ணை அவற்றைத் தொடுவதில்லை, வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் உங்களிடம் கொரோலா 110, கரினா, லைற்ஏஸ் என்று ஏதாவது இருந்து, இஞ்சினுக்குக் கீழே ஒயில் சொட்டி, அது எங்கேயிருந்து வருகிறது என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தால் இங்கே கொண்டுபோகலாம்.

என்னுடையது 1997ஆம் ஆண்டுக் கொரோலா 110. 5ஏ-எப்ஈ இஞ்சின், 1498 சிசி. அப்பா ஓட்டியது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் இந்தக் கிழட்டுக் கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில், இதை விற்று வேறு வாங்கும் யோசனையே எனக்கு விட்டுப்போனது. இணுவிலிலிருந்து கொடிகாமத்துக்குப் பள்ளிக்கூடம் போய்வர இதுதான்.

ரைமிங் பெல்ற்றை, அதாவது இஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் ரப்பர்ப் பட்டியை, மாற்றியது வேறொரு இடத்தில். ரொயோட்டாவின் கணக்கு ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை. கடைசியாக எப்போது மாற்றினது என்று அப்பாவின் கொப்பியில் குறிப்பில்லாதபடியால் மாற்றிவிடச் சொன்னேன். மாற்றினார்கள், வண்டியும் நன்றாகத்தான் ஓடியது. பிறகுதான் போர்ட்டிகோ சீமெந்தில் கறுப்புப் பொட்டுகள் விழத் தொடங்கின. ரயில் கடவையில் காத்து நிற்கும்போது எரிந்த ஒயில் மணம். வலது முன்சக்கரத்துக்கு உட்பக்கம் குனிந்து பார்த்தால் ஒயிலும் செம்மண் புழுதியும் சேர்ந்து அப்பிப்போய்க் கிடந்தது.

பெல்ற் மாற்றிய இடத்தில் கேட்டபோது கிராங்க் சீல் (இஞ்சினின் அடியில் சுற்றும் கிராங்க் தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்றார்கள். எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டுமாம், கூலி புதிதாகக் கொடுக்க வேண்டுமாம். இன்னொருவர் ஒயில் பம்ப் என்றார். தம்பியின் சிநேகிதன் ஒருவன் ஹெட் கஸ்கட் என்றான், அதுவும் தொலைபேசியில். ஒருவராவது பொனற்றைத் திறந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

கோண்டாவில் அண்ணை முதலில் கேட்டது, "ரீச்சர், காரை நிப்பாட்டேக்க மணம் வருதோ, ஓடேக்க வருதோ?" நிற்கும்போது என்றேன். தலையை ஆட்டினார். கூடவே தம்பி வந்திருந்தான், ஆனால் அண்ணை கேள்வியை என்னிடம்தான் கேட்டார், பதிலையும் என்னிடமே சொன்னார். கார் யாருடையது என்று விசாரித்துவிட்டுப் பிறகு பக்கத்தில் நிற்கும் ஆம்பிளையைப் பார்த்துப் பேசும் இடங்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். இந்த ஒன்றுக்காகவே நான் ஒரு நட்சத்திரம் கூடப் போடுவேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கீழே ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதே பக்கத்தில்தான் பவர் ஸ்ரியரிங் பம்ப்பும் இருக்கிறது. அதிலிருந்து ஒழுகினால் சிவப்பாகத் தெரியும். இது மண்ணிறம், இஞ்சின் ஒயில்தான். அளவுக் கம்பியையும் இழுத்துப் பார்த்தார். ஒயிலைக் கூட ஊற்றிவிட்டாலும் ஒழுகுமாம். என்னுடையதில் குறைவாகத்தான் இருந்தது.

அடுத்து அவர் எதையும் கழற்றவில்லை. அந்தப் பக்கத்தை முழுவதும் கழுவினார். மின்சார இணைப்புகளுக்குப் பொலித்தீன் சுற்றி, மண்ணெண்ணெயும் தூரிகையுமாக ஒரு பொடியனும் அவரும் மாறி மாறித் தேய்த்து, தண்ணீர் அடித்து, காற்றடித்துக் காயவைத்தார்கள். காய்ந்தபின் குழந்தைப் பவுடர் ரின் ஒன்றை எடுத்துவந்து, இஞ்சினின் மேல்மூடியான ரப்பட் கவரின் விளிம்பு, பெல்ற்றை மூடியிருக்கும் ரைமிங் கவரின் வெளிப்பக்கம், அடியில் கிராங்க் தண்டின் முனையில் சுற்றும் சக்கரமான கிராங்க் புலி பக்கம் என்று மெல்லியதாகத் தூவினார். வெள்ளைப் பவுடரில் ஒயில் பட்ட இடம் உடனே கறுக்கும். சோக் தூள் என்றால் நானே கொண்டுவந்திருப்பேன் என்றேன். "சோக் கட்டியாப் போகும், பவுடர்தான் சரி" என்று முகத்தில் சிரிப்பில்லாமல் பதில் வந்தது.

ஆனையிறவுப் பக்கம் ஒரு ஓட்டம் போய்வரச் சொன்னார். இஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும், ஒயில் இளக வேண்டும், நேர் வீதியில் கொஞ்சம் வேகமாகவும் போகவேண்டும். வீட்டிலிருந்து சந்தைக்குப் போய் வந்தால் தெரியாது. திரும்பி வந்து பொனற்றைத் திறந்தால் ரப்பட் கவரின் ஒரு மூலையில், பெல்ற் பக்கத்தில், பவுடருக்கு நடுவே ஒரு கறுத்த கோடு. அது ரைமிங் கவரின் வெளிப்புறத்தால் இறங்கி நேராகக் கிராங்க் புலியில் போய் விழுந்திருந்தது. புலி சுற்றும்போது அதை நாலாபக்கமும் வீசியடிக்கிறது. கீழேயிருந்து பார்க்கிறவனுக்குக் கிராங்க் சீல் மாதிரித்தான் தெரியும். இன்னொரு கோடு, புகை வெளியேறும் சூடான குழாயான எக்சோஸ்ற் மனிபோல்ட் பக்கம். எரிந்த மணம் அங்கேயிருந்துதான். கிராங்க் சீல் இருப்பது அடியில், அங்கே ஒழுகும் ஒயில் மனிபோல்ட்டுக்கு ஏறி வராது. மணம் பற்றி முதலில் ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதோடும் விடவில்லை. ரப்பட் கவரைக் கழற்றிய பின் மேல் ரைமிங் கவரையும் எடுத்து, சின்னக் கண்ணாடியையும் ரோர்ச்சையும் உள்ளே விட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். மேலேயிருக்கும் கேம் தண்டின் சீலோ கிராங்க் சீலோ விட்டிருந்தால் முதலில் கவருக்கு உள்ளேதான் நனையும், பெல்ற்றும் நனையும். உள்ளே எல்லாம் காய்ந்து கிடந்தது. "உள்ளுக்கு ஈரமில்லை, வெளியிலதான் ஈரம். பிறகென்னத்துக்கு ரீச்சர் உள்ளுக்குக் கை வைக்கிறது?" பெல்ற்றில் ஒயில் பட்டிருந்தால் புதுப் பெல்ற்றாக இருந்தாலும் மாற்றச் சொல்லியிருப்பாராம், ஒயில் ஊறினால் ரப்பர் பருத்துப் பல் உரிந்துவிடும். இந்த இஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாது, ஆனால் நடுவழியில் நின்றுவிடும்.

காரணம் ரப்பட் கவருக்குள்ளேயே இருந்தது. இந்த இஞ்சினில் பெல்ற் மாற்றவேண்டுமென்றால் ரப்பட் கவரைக் கழற்றவேண்டும். திரும்ப மூடும்போது, கவரின் விளிம்பில் ஒயிலை அடைக்கும் பழைய ரப்பர்க் கஸ்கட்டையே போட்டிருக்கிறார்கள். அது கல்லாகிப்போய், கையில் எடுத்து வளைத்தபோது முறிந்தது. கேம் ஷாப்ட்டைப் பிடிக்கும் முன்மூடி இஞ்சின் ஹெட்டோடு சேரும் மூலைகளில் கொஞ்சம் சிலிக்கன் வைக்கவேண்டும், அதுவும் இல்லை. கசிவதைக் கண்டோ என்னவோ, நட்டுகளை மட்டும் இறுக்கு இறுக்கென்று இறுக்கியிருந்தார்கள். அதனால் கஸ்கட் நடுவில் நசுங்கி ஓரத்தில் தூக்கிக்கொண்டது. அண்ணை வைத்த சிலிக்கன் மூலைக்குப் பயறளவுதான். கூட வைத்தால் துண்டாகி உள்ளே விழுந்து ஒயில் பம்ப்பின் வலையை அடைக்கும் என்று பொடியனுக்குத்தான் சொன்னார், நான் ஒட்டுக்கேட்டேன்.

கடைசியில் கவரில் இருந்த, இஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேவிடும் பிசிவி வால்வை இழுத்தெடுத்துக் காதுக்குப் பக்கத்தில் கிலுக்கினார். நல்லது என்றால் உள்ளே கடகடக்கும். இது சத்தமில்லை, கரிபிடித்து இறுகிப்போயிருந்தது. இஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேற வழியில்லாவிட்டால், புதுக் கஸ்கட் போட்டாலும் ஏதாவதொரு பலவீனமான இடத்தால் ஒயிலைத் தள்ளும். பெல்ற் மாற்றிய பிறகு ஒயில் ஒழுகும் எல்லாக் கார்களிலும் இதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், மலிவான சாமான்.

கஸ்கட்டும் வால்வும் ஸ்டான்லி வீதிக் கடையில் ஒறிஜினல் இல்லை. இருந்த டூப்ளிக்கேட்டை அவர் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது. கழுவிப் பார்த்ததற்கு 3,000 ரூபா, சாமான்கள் 7,400, பொருத்திய கூலி 4,500. கிராங்க் சீல் மாற்ற மற்ற இடத்தில் கேட்ட கூலி மட்டுமே இதைவிடக் கூட. பழைய கஸ்கட்டையும் வால்வையும் சொப்பிங் பையில் போட்டுக் கையில் தந்தார். கேட்காமலே.

அவர் வேலை பழகினது தொண்ணூறுகளில், பெற்றோல் தடை இருந்த காலத்தில். யாழ்ப்பாணமே மண்ணெண்ணெயில் ஓடியது, ஒஸ்ரின் ஏ40 கார்கள் எல்லாம் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டினால்தான் ஸ்ராட் ஆகும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்க, ஒழுகாத இஞ்சினே அப்போது இல்லையாம். ஒயில் எந்த வழியால் இறங்கி வருகிறது என்று தேடிப் போகும் பழக்கம் அங்கேயிருந்து வந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. நேரம் என்ற கணக்கே கிடையாது. பின்னேரம் தருகிறேன் என்றால் அடுத்த நாள் காலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியை எடுக்கமாட்டார். பற்றுச்சீட்டு இல்லை, ஒரு சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் கணக்கெழுதித் தந்தார். இருக்க ஒரு பழைய வான் சீற்தான் இருக்கிறது, பெண்களுக்கு வசதி என்று சொல்ல எதுவுமில்லை. பொனற்றின் ஓரத்தில் கறுப்புக் கை அடையாளம் ஒன்று இன்னும் இருக்கிறது, சவர்க்காரத்துக்கும் போகவில்லை. அவசர வேலைக்கு இது இடமல்ல.

அதற்குப் பிறகு ஒரு தவணை முழுக்க ஓட்டிவிட்டேன். அளவுக் கம்பியில் கோடு இறங்கவில்லை, மணமும் இல்லை. கிராங்க் சீல் பழசுதான், அடுத்த பெல்ற்றோடு சேர்த்து மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் காலையில், இஞ்சின் ஆறியபடி கொண்டுபோங்கள். அங்கே போக முதல் கழுவவேண்டாம், அழுக்கு எந்தப் பக்கம் கூடப் படிந்திருக்கிறது என்பதையும் அவர் பார்ப்பார். வெள்ளிக்கிழமை பின்னேரம் போகவேண்டாம், கொட்டகையைப் பூட்டிவிட்டு நல்லூருக்குப் போய்விடுவார்.