ரோடு கடக்கப் பழக்கும் வீடியோ: ஒரு பள்ளியாண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ரோடு கடக்கக் கற்றுத்தரும் ஆப்களில் பல, வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடுகளில் செய்தவை. "இடது, வலது, மறுபடி இடது" என்று பழக்கிவிடும். நம் ஊரில் ஓரத்தில் நிற்கும் பிள்ளையை முதலில் நெருங்குவது வலப்பக்கத்து வண்டி. வலது, இடது, மறுபடி வலது என்றுதான் பார்க்க வேண்டும். மாறிப் பதிந்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. மன்னார்குடிப் பக்கத்து வாய்க்கால் கரை ரோட்டில் பச்சை விளக்குக்குக் காத்திருக்கச் சொல்வதிலும் பயனில்லை.

ஆண்டு முழுக்கக் கைகொடுத்தது, பிள்ளை தினமும் கடக்கும் இடத்திலேயே செல்போனில் எடுத்த வீடியோ. போனைத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடியுங்கள். நம் உயரத்தில் எடுத்தால், நிற்கும் காருக்கு மேலாக ரோடு தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. வலப்பக்கம் 10 நொடி, இடப்பக்கம் 10, மறுபடி வலப்பக்கம் 10. இப்படி எட்டுப் பத்துத் துண்டுகள் போதும். டேப்லெட்டில் ஓட்டி, பாதியில் நிறுத்தி, "இப்ப போலாமா? ஏன்?" என்று கேளுங்கள். அந்த "ஏன்" முக்கியம். நட்சத்திரமும் மதிப்பெண்ணும் கொடுத்தால் பிள்ளை ரோட்டைப் பார்க்காது. தொட்டுத் தொட்டே விடையைப் பிடித்துவிடும். சில முறை சத்தமில்லாமல் ஓட்டுங்கள். பேட்டரி ஸ்கூட்டர் சத்தமில்லாமல்தான் வருகிறது.

திரையால் முடியாதது வேகக் கணிப்பு. இந்த வயதில் அந்தத் திறன் முதிர்ந்திருக்காது. 6 மீட்டர் ரோட்டைக் கடக்கப் பிள்ளைக்கு ஏறக்குறைய 6 நொடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் அதற்குள் 100 மீட்டர் வந்துவிடும். ஆகவே இருபுறமும் 150 மீட்டர் தள்ளி ஒரு புளியமரத்தையோ மதகையோ அடையாளம் வைத்து, "அதுக்கு இந்தப் பக்கம் வண்டி இருந்தா நிக்கணும்" என்று சொல்லுங்கள். அவ்வளவு தூரம் தெரியாத வளைவில் கடக்கவே வேண்டாம். வீடியோ முடிந்த கையோடு, அன்றே, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டோரத்தில் பத்து நிமிடம் பழக்கினால்தான் படியும். பழகிய பிறகும் பெரியவர் கை கூடவே இருக்கட்டும்.

நிற்கும் டவுன் பஸ்ஸுக்குத் தனித் துண்டு எடுங்கள். பஸ்ஸை முந்தி வரும் பைக் திடீரென்று தெரிவதைப் பார்த்த பிள்ளைக்கு, பஸ் கிளம்பும்வரை ஏன் நிற்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

சம்பா அறுவடையில் பழைய வீடியோ உதவாது. பாதி ரோட்டில் நெல் காயும். இருபக்கத்து வண்டிகளும் மீதிப் பாதியில் ஓடும். இடப்பக்கத்து வண்டியும் காலடியை ஒட்டி வரலாம், வைக்கோல் டிராக்டர் பின்னால் வருவதை மறைத்துவிடும். தை பிறந்ததும் அதே இடத்தில் புதிதாக எடுத்துவிடுங்கள்.